நம்ம வள்ளத்தைக் கம்ப்யூட்டருக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

(இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை இருக்கும், சிரிப்புத் துணுக்கு இருக்கும், நட்பைப் பற்றி நாலு பக்கம் இருக்கும். அதற்கு நடுவில் ஒருத்தன் வந்து கடல், கப்பல், கம்ப்யூட்டர் என்று ஆரம்பித்தால் பக்கத்தைப் புரட்டத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். இது நம்ம ஊர்க் கடலைப் பற்றிய விஷயம். அதோடு, நாம் எல்லோரும் செய்தே ஆக வேண்டிய இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைப் பற்றிய விஷயமும்கூட.

ஆளில்லாத படகும் ஆளில்லாத விமானமும் கடலில் போகிற கப்பல்களைக் கேமராவால் பார்த்து, "இது இன்ன கப்பல்" என்று தாமாகவே இனம் காணும் காலம் வந்துவிட்டது. வரட்டும். நான் கேட்பதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான். அந்தக் கேமராவுக்கு நம்ம வள்ளத்தைத் தெரியுமா?

தூத்துக்குடிக்கு வந்த ஆளில்லாப் படகு

2024 அக்டோபர் மாதக் கடைசியில் 'மாதங்கி' என்ற படகின் பயணத்தைப் பற்றிச் செய்தி வந்தது. சாகர் டிபென்ஸ் என்ஜினியரிங் என்ற நம் நாட்டு நிறுவனம் கடற்படையின் ஆதரவோடு உருவாக்கிய படகு அது. மும்பையிலிருந்து தூத்துக்குடி வரை சுமார் 1,500 கிலோமீட்டர். சுக்கான் பிடிக்க ஆள் கிடையாது. 'சாகர்மாலா பரிக்கிரமா' என்று அந்தப் பயணத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

தூத்துக்குடி நமக்கு என்ன தூர தேசமா? பொதிகையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று வயலெல்லாம் நனைத்துவிட்டு, நம் தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். அதற்குப் பக்கத்தில்தான் பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இருந்தது. இன்றைக்குக் கடல் விலகிப்போய் அது உள்ளூர்க் கிராமமாக நிற்கிறது. 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, வெள்ளைக்காரன் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டதும் இதே தூத்துக்குடியிலிருந்துதான். கப்பல் என்ற சொல் நமக்குப் புதிதில்லை.

வானத்திலும் இதே கதைதான். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் 'ஐ.என்.எஸ். பருந்து' என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது. ஆளில்லா விமானங்களுக்கென்றே ஒரு படைப்பிரிவு அங்கே 2012 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. மேலிருந்து வட்டமிட்டுப் பார்ப்பதற்குப் பருந்து என்று தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தம்தான்! அரக்கோணத்தில் இருக்கும் 'ஐ.என்.எஸ். ராஜாளி' தளத்துக்கு 2020 நவம்பரில் இரண்டு 'சீ கார்டியன்' ஆளில்லா விமானங்கள் அமெரிக்காவிலிருந்து குத்தகைக்கு வந்தன. 2024 அக்டோபரில் அதே குடும்பத்தைச் சேர்ந்த 31 விமானங்களை வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. அதில் 15 கடற்படைக்கு.

ஆக, நம் கடலைப் பார்க்கும் கண்கள் கூடிக்கொண்டே போகின்றன. அந்தக் கண்கள் சேகரிக்கும் படத்தையெல்லாம் உட்கார்ந்து பார்க்க அத்தனை மனிதர்களுக்கு எங்கே போவது? அதனால்தான் பார்க்கிற வேலையையும் கம்ப்யூட்டரிடமே கொடுக்கிறார்கள்.

கப்பல் தன் பேரைச் சொல்லும், வள்ளம் சொல்லாது

"கப்பலைக் கண்டுபிடிக்கக் கேமரா எதுக்குப்பா? அதான் ரேடியோவிலேயே எல்லாம் தெரியுமே" என்று நம் துறை நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பன்னாட்டுப் பயணம் போகிற 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் எல்லாம் ஏ.ஐ.எஸ். என்ற கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது 2004 முதல் முழு நடைமுறையில் இருக்கும் விதி. 161.975, 162.025 மெகா ஹெர்ட்ஸ் என்ற இரண்டு வி.எச்.எப். அலைவரிசைகளில் அந்தக் கப்பல் தன் பெயர், இருக்கும் இடம், வேகம், திசை எல்லாவற்றையும் தானே சொல்லிக்கொண்டு போகும். நாம் ஆய்வகத்தில் படிக்கிற அதே வி.எச்.எப். தான்.

அப்படியென்றால் பெரிய கப்பலை அடையாளம் காணக் கேமரா அவ்வளவாகத் தேவையில்லை. வாய் திறந்து பேர் சொல்லாதவனைத்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கடலில் பேர் சொல்லாதவர்கள் யார் யார்? கடத்தல்காரன் சொல்ல மாட்டான். கொள்ளைக்காரன் சொல்ல மாட்டான். வேண்டுமென்றே கருவியை அணைத்து வைத்தவன் சொல்ல மாட்டான். இவர்களோடு சேர்ந்து இன்னொருத்தரும் சொல்ல மாட்டார். வசதியில்லாத நம் நாட்டுப்படகுக்காரர்! அவரிடம் அந்தக் கருவியே கிடையாது.

இங்கேதான் வினை. கள்ளனும் ஏழையும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். அந்த வரிசையில் யார் எவர் என்று பிரித்துச் சொல்கிற பொறுப்பு கேமராவுக்குப் போகிறது.

இந்தக் குறையைப் போக்க அரசும் முயற்சி செய்கிறது. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் செய்த டிரான்ஸ்பாண்டர் கருவிகளை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கி வைத்தார். நல்ல காரியம். ஆனால் கருவி பழுதாகும், பேட்டரி இறங்கும், உப்புக் காற்றில் ஒயர் அரிக்கும். அந்த நேரத்தில் மறுபடியும் கேமராவின் கண்தான்.

கம்ப்யூட்டர் எப்படிப் பார்க்கிறது?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். டென்ஷன் ஆக வேண்டாம், முதலாம் ஆண்டுக் கணக்குதான்.

தண்ணீருக்கு மேல் இரண்டு மீட்டர் உயரத்தில் கேமரா இருந்தால் அடிவானம் எவ்வளவு தூரம்? உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். இரண்டு மீட்டருக்குச் சுமார் 5 கிலோமீட்டர். அதே கேமராவை விமானத்தில் 1,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் சுமார் 113 கிலோமீட்டர். பருந்து ஏன் உயரப் பறக்கிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

அடுத்தது படம். கேமராவின் பார்வைக் கோணம் 60 டிகிரி, படத்தின் அகலம் 1,920 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோமீட்டர் தூரத்தில் அந்தப் படத்துக்குள் அடங்கும் கடலின் அகலம் சுமார் 5.8 கிலோமீட்டர். அதாவது ஒரு பிக்சலுக்கு மூன்று மீட்டர். 300 மீட்டர் நீளக் கன்டெய்னர் கப்பல் நூறு பிக்சலில் ஜம்மென்று தெரியும். 8 மீட்டர் நீளமுள்ள நம் பைபர் படகு? மூன்று பிக்சல்கூடத் தேறாது. படத்தில் அது ஒரு தூசி! லென்ஸை ஜூம் செய்து கோணத்தை 6 டிகிரிக்குக் குறைத்தால் அதே படகு 29 பிக்சல் ஆகும். அப்போதுதான் அது படகு என்றாவது சொல்ல முடியும். ஆனால் ஜூம் செய்யச் செய்ய அலையில் கேமரா ஆடுகிற ஆட்டமும் அதே அளவுக்குப் பெரிதாகும். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணாடி மாதிரி மின்னும். காலையில் மூடுபனி, மழைக்காலத்தில் சாரல், லென்ஸில் படிந்த உப்பு. இத்தனைக்கும் நடுவில்தான் அது இனம் காண வேண்டும்.

சரி, 29 பிக்சல் கிடைத்தாயிற்று. இனி என்ன? கம்ப்யூட்டருக்குப் படகு என்றால் என்னவென்று பிறவியில் தெரியாது. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, "இது படகு, இது அலை, இது பறவை" என்று மனிதர்கள் ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிக் கொடுத்தால் அது ஓரங்களையும் வளைவுகளையும் நிறங்களையும் கூட்டிக் கூட்டிப் பழகிக்கொள்ளும். குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறூட்டுகிற மாதிரி. காட்டாததை அது அறியாது. இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏத்தனும் தெரியாது, வள்ளமும் தெரியாது

ராணுவத்தார் எந்தப் படங்களைக் காட்டிப் பழக்குகிறார்கள் என்பது அவர்கள் வெளியே சொல்கிற சங்கதி இல்லை. ஆனால் உலகமெங்கும் மாணவர்களும் நிறுவனங்களும் பயன்படுத்தும் படத்தொகுப்புகள் சில திறந்தே இருக்கின்றன. அவற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நானும் பார்த்தேன்.

மைக்ரோசாப்ட் 2014-ல் வெளியிட்ட 'கோகோ' என்ற தொகுப்பில் 80 வகைப் பொருட்கள் உண்டு. அதில் படகுக்கு ஒரே ஒரு பெயர்தான், 'படகு'! கன்டெய்னர் கப்பலும் அதற்குள்தான், கட்டுமரமும் அதற்குள்தான். அந்த 80-ல் வாழைப்பழமும் ஒன்று. அதற்கும் ஒரே பெயர்தான். இதை எங்க அப்பாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். அவர் வாழைத்தார் சுமக்கிறவர், எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் லாரியில் அடுக்கியிருக்கும் தாரை எட்ட நின்று பார்த்தே ஏத்தன், ரசகதலி, மொந்தன், பேயன், செவ்வாழை என்று பிரித்துச் சொல்லிவிடுவார். தாமிரபரணிக் கரையில் பிறந்த யாரும் "பழம்" என்று பொதுவாகச் சொல்லி விலை பேச மாட்டோம். வெளியூர்க்காரனுக்கு எல்லாம் பழம். நமக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விலை, ஒவ்வொரு ருசி.

படகும் அப்படித்தான். 2009-ல் வெளிவந்த 'இமேஜ்நெட்' இந்தத் துறையின் புகழ்பெற்ற தொகுப்பு. 2012-ல் கணிப்பொறிப் பார்வையில் ஒரு புரட்சியே நடந்தது அதன் போட்டியில்தான். அந்தப் போட்டிப் பட்டியலில் 1,000 வகைகள். வெனிஸ் நகரத்து கோண்டோலா உண்டு, பாய்மர உல்லாசப் படகுகள் உண்டு, விமானம் தாங்கிக் கப்பல் உண்டு. கடற்கொள்ளையர் கப்பல் என்றே தனியாக ஒரு வகை உண்டு! வள்ளம் இல்லை. தோணி இல்லை. 'கட்டமரான்' என்று ஒன்று இருக்கிறது. ஆகா, நம்ம கட்டுமரம் என்று சந்தோஷப்பட்டுப் படத்தைத் திறந்தால், இரட்டை உடல் கொண்ட பளபளப்பான பணக்கார பாய்ப்படகு. சொல் நம்முடையது, கப்பலேறிப் போய் வேறு பொருளுக்குப் பெயராகிவிட்டது. மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போன நம் ஆள் அந்தப் படத்தில் இல்லை.

கப்பலுக்கென்றே செய்த தொகுப்புகளும் உண்டு. சீன ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் வெளியிட்ட 'சீஷிப்ஸ்' தொகுப்பில் 31,455 படங்கள், ஆறு வகைகள். சரக்குக் கப்பலிலேயே நாலு தினுசு, பயணிகள் கப்பல் ஒன்று, மீன்பிடிப் படகு ஒன்று. அவர்கள் கடற்கரையில் கேமரா வைத்து அவர்கள் படகை எடுத்திருக்கிறார்கள். அது அவர்கள் செய்த குற்றமில்லை. அவரவர் வீட்டுப் பிள்ளையை அவரவர்தான் படம் எடுப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளையை நாம் எடுக்கவில்லை என்பதுதான் விஷயம்.

போன வருஷம் நண்பன் ஒருவனின் ஊரான உவரிக்குப் போயிருந்தேன். கப்பல் மாதா கோவில் பக்கம் கரையில் அவனுடைய சித்தப்பா உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு புள்ளி. எனக்கு அது படகா பறவையா என்றே தெரியவில்லை. அவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு பைபர்தான். பாடு இல்லாம வாரான்" என்றார்.

"எப்படிச் சித்தப்பா சொல்லுதிய?" என்று கேட்டேன்.

"தண்ணிக்கு மேல எவ்வளவு நிக்குதுன்னு பாருல. மீன் இருந்தா தாந்துல்லா வரும். இது துள்ளிக்கிட்டு வருது."

படகு கரைக்கு வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்தது! எந்தத் தொகுப்பிலும் இல்லாத அறிவு அது. அவருக்குப் பட்டம் கிடையாது, அவர் பெயரில் ஆராய்ச்சிக் கட்டுரை கிடையாது. ஆனால் கடலில் படகை இனம் காண்பதில் அவர்தான் வாத்தியார்.

ஆள் மாறிப் போனால்...

இதெல்லாம் வெறும் பெயர் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். கடலில் படகைத் தப்பாக அடையாளம் கண்டால் உயிர் போகும். போயிருக்கிறது.

2012 பிப்ரவரி 15. 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல் கேரளக் கடற்கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் 'செயின்ட் ஆண்டனி' என்ற மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று கருதிச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் செத்துப் போனார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர். வழக்கு பன்னாட்டுத் தீர்ப்பாயம் வரை போய், 2021 ஜூனில் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு நம் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. போன உயிர் வந்ததா?

அதே 2012, ஜூலை 16. துபாய்க்கு அப்பால் அமெரிக்கக் கடற்படையின் 'ராப்பஹானக்' என்ற எரிபொருள் கப்பலிலிருந்து ஒரு சின்ன மீன்பிடிப் படகின் மேல் சுட்டார்கள். எச்சரித்தும் நெருங்கி வந்தது என்பது அவர்கள் தரப்பு. எச்சரிக்கையே வரவில்லை என்பது பிழைத்தவர்கள் தரப்பு. செத்தவர் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிழைக்கப் போன மீனவர். மூன்று பேர் காயம்.

2022 அக்டோபர் 21. பாக் நீரிணைப் பகுதியில் நம் கடற்படைக் கப்பலே, சந்தேகப்பட்ட ஒரு படகு எச்சரித்தும் நிற்கவில்லை என்று சுட்டது. காயம் பட்டவர் மயிலாடுதுறை மாவட்டத்து மீனவர்.

இந்த மூன்றிலும் பார்த்தது மனிதக் கண், விசையை அழுத்தியது மனிதக் கை. இயந்திரத்தின் மேல் பழி போட இடமில்லை. "அப்படியானால் இயந்திரம் வந்தால் நல்லதுதானே? அது பயப்படாது, பதறாது, தூங்காது" என்று நீங்கள் கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன். நன்றாகப் பழக்கிய கேமரா ஒன்று அன்றைக்கு "இது மீன்பிடிப் படகு, வலை தெரிகிறது" என்று சொல்லியிருந்தால் கை தயங்கியிருக்கும். ஆனால் கொள்ளையர் கப்பலைத் தனியாகப் படித்து, வள்ளத்தைப் படிக்காமல் விட்ட கேமரா என்ன சொல்லியிருக்கும்? பதறிய மனிதனுக்கு அது தைரியம் அல்லவா சொல்லியிருக்கும்!

இன்னொரு கணக்கையும் பாருங்கள். கடலில் 1,000 படகு. அதில் 990 நல்ல படகு, 10 கெட்ட படகு என்று வைத்துக்கொள்வோம். நம் கேமரா நூற்றுக்கு 95 சரியாகச் சொல்லும். செமினாரில் சொன்னால் கைதட்டுவார்கள். ஆனால் 990-ல் 5 சதவீதம் என்றால் சுமார் 50 நல்ல படகைக் கெட்டது என்று சொல்லும். கெட்டதில் ஒன்பதோ பத்தோ பிடிபடும். ஆக, சந்தேகப் பட்டியலில் நிற்கும் 60 படகில் 50 பேர் அப்பாவிகள்! 95 சதவீதம் என்ற அலங்காரத்துக்குள் இத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை

ஆளில்லாக் கருவியே கூடாது என்பது என் கட்சி அல்ல. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய பத்துப் பேர் கடல் வழியாகத்தான் வந்தார்கள். காவல் தேவை. ஆனால் அவர்கள் வந்தது எதில்? 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி, அதில் வந்தார்கள். எவ்வளவு நல்ல கேமராவும் அன்றைக்கு "இந்திய மீன்பிடிப் படகு" என்றுதான் சொல்லியிருக்கும். அந்தப் பதிலும் சரியானதே! உருவத்தைக் கேமரா சொல்லும். உள்ளே இருப்பவன் மனதை அது சொல்லாது. அதைக் கேட்டு விசாரிக்க மனிதன்தான் வேண்டும்.

அழிப்பதற்கு மட்டுமா இந்தக் கண்? காப்பாற்றவும் இதே கண்தான். 2017 நவம்பர் 30-ஐ நம் தென்கோடி மறக்குமா? ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்து மீனவர்கள் கூட்டம் கூட்டமாகக் காணாமல் போனார்கள். கவிழ்ந்த படகின் மேல் தொற்றிக்கொண்டு கிடந்து பிழைத்தவர்கள் உண்டு. கேரளத்தில் மீனவர்களையே கடற்படைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு தேடினார்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்துப் போயிருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒரே நேரத்தில் பத்து ஆளில்லா விமானம் பறந்து தேடியிருந்தால் எத்தனை வீட்டில் விளக்கு எரிந்திருக்கும்? ஆனால் நண்பர்களே, நிமிர்ந்து மிதக்கும் படகை மட்டும் படித்த கேமராவுக்குக் கவிழ்ந்து கிடக்கும் படகைத் தெரியாது. தண்ணீரில் தலை மட்டும் தெரியும் மனிதனைத் தெரியாது. அதையும் யாராவது காட்டியாக வேண்டும்.

இந்தத் துறையில் எல்லோர் வாயிலும் அடிபடும் 'யோலோ' என்ற முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜோசப் ரெட்மன் என்ற அமெரிக்கர். படத்தை ஒரே பார்வையில் பார்த்துப் பொருட்களை இனம் காணும் முறை அது. ராணுவப் பயன்பாடும், மனிதர்களின் அந்தரங்கத்துக்கு வரும் ஆபத்தும் மனதை உறுத்துவதால் இந்த ஆராய்ச்சியையே விட்டுவிட்டதாக 2020-ல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அவர் மனச்சாட்சியை மதிக்கிறேன். ஆனால் அவர் விட்டாலும் யோலோ நிற்கவில்லை, வேறு பேர் செய்கிறார்கள். நாமும் ஒதுங்கிக்கொண்டால் நம் படகைத் தெரியாதவன் கையில்தான் அது இருக்கும். ஒதுங்குவதைவிட உள்ளே போய் நம் படகுக்காக வாதாடுவதே மேல் என்பது என் கருத்து.

நாம் என்ன செய்யலாம்?

"ஐ.ஐ.டி.க்காரன் செய்ய வேண்டியதை டிப்ளமோக்காரன் செய்யவா?" என்று சிலர் கேலி பேசுவார்கள். பேசட்டும். நம் மாவட்டத்து விஜயநாராயணத்தில் 1990 முதல் 'ஐ.என்.எஸ். கட்டபொம்மன்' நிலையம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. அந்தக் கோபுரங்களைப் பஸ்ஸிலிருந்து வேடிக்கை பார்த்தே வளர்ந்த தலைமுறை நாம். எத்தனை நாளைக்கு வேடிக்கை பார்ப்பது?

உண்மையைப் பேசுவோம். நம்மில் பலர் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்குகிறோம். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணி அடிக்கும், ஆள் வந்தால் லைட் எரியும். வருஷா வருஷம் அதே மணி, அதே லைட்! வைவா முடிந்ததும் அது அட்டைப் பெட்டிக்குள் போய்விடும். அந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும் இதைச் செய்தால் என்ன?

முதலில், படம் எடுப்போம். கூத்தங்குழி, உவரி, மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று நம் கரையோரம் முழுவதும் நண்பர்கள் இருக்கிறார்கள். படகுக்காரரிடம் அனுமதி கேட்டு எடுப்போம். காலையில், உச்சி வெயிலில், அந்தியில், மழையில், கிட்டத்திலிருந்து, தூரத்திலிருந்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். பக்கத்தில் போய் அடி முதல் கொடி வரை எடுக்கலாம். துறைமுகத்துக்குள் தடை செய்த பகுதி பக்கம் போக வேண்டாம். பதிவு எண்ணையும் முகத்தையும் மறைத்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும். நாம் காட்டிக் கொடுக்கப் போகவில்லை, அடையாளம் சொல்லப் போகிறோம்.

இரண்டாவது, பெயரை நாம் வைக்கக் கூடாது. மீனவர்கள் வைக்க வேண்டும். வள்ளம், கட்டுமரம், தோணி, விசைப்படகு, பைபர் என்று அவர்கள் பிரிக்கிற மாதிரிதான் தொகுப்பும் பிரிய வேண்டும். உவரிச் சித்தப்பா மாதிரி ஆட்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, சரக்கு ஏற்றியதா வெறும் படகா, என்ஜின் ஓடுகிறதா நீரோட்டத்தில் போகிறதா என்று கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். அந்த வேலைக்கு அவர்களுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். அனுபவத்தை இலவசமாக வாங்குவது நியாயமில்லை.

மூன்றாவது, ஆபத்தில் இருக்கும் படகைக் காட்ட வேண்டும். கவிழ்ந்தது, பாதி மூழ்கியது, துணி அசைத்து உதவி கேட்பது.

நான்காவது, "தெரியவில்லை" என்று சொல்லக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். தேர்வில் தெரியாத கேள்விக்கும் எதையாவது எழுதிப் பக்கத்தை நிரப்புவது நம் பழக்கம். கடலில் அந்தப் பழக்கம் கூடாது. மூன்று பிக்சலைப் பார்த்துவிட்டு அது தீர்ப்புச் சொல்லக் கூடாது. "தெரியவில்லை, இன்னும் கிட்டே போய்ப் பார்" என்று சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, நம் ரிப்போர்ட்டில் 95 சதவீதம் என்று மட்டும் எழுதாமல், எத்தனை வள்ளத்தை வேறாகச் சொன்னது என்ற எண்ணிக்கையை முதல் பக்கத்தில் எழுத வேண்டும். அதைப் பார்த்த பிறகு எந்த அதிகாரியும் கேமராவின் சொல்லை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டார். இனம் காண்பது கேமராவாக இருக்கட்டும். சுடலாமா கூடாதா என்ற முடிவு, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு மனிதரிடம்தான் இருக்க வேண்டும்.

இதற்குச் சூப்பர் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஒரு செல்போன் கேமரா, ஆய்வகத்தில் தூசி படிந்து கிடக்கும் ஒரு கம்ப்யூட்டர், இலவசமாகக் கிடைக்கும் சாப்ட்வேர், நாலு நண்பர்கள், ஒரு வருஷம். ஒரு பாலிடெக்னிக் ஆயிரம் படம் சேர்த்தாலும், நெல்லை, தூத்துக்குடி, குமரி, ராமநாதபுரம் என்று கரையோரப் பாலிடெக்னிக்குகள் கை கோத்தால் சில வருஷத்தில் நம் கடலுக்கென்று ஒரு தொகுப்பு நிற்கும். அடுத்த வருஷத்து மாணவன் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். நாம் விட்ட இடத்திலிருந்து அவன் தொடங்குவான். நம் மாணவர் பேரவை இதை ஒரு தீர்மானமாக எடுத்துக்கொண்டு, துறைத் தலைவர்களிடம் பேசி, வருகிற கல்வியாண்டிலேயே இரண்டு குழுக்களையாவது இதில் இறக்க வேண்டும் என்று இந்த மலரின் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

ஆளில்லாப் படகு தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. நாளை அது மணப்பாட்டுக்கும் உவரிக்கும் வரும். அது வரும்போது எதிரே வலையோடு வருகிறவர் நம் வகுப்புத் தோழனின் அப்பாவாக இருக்கலாம். அவரைப் பார்த்ததும் அது "மீன்பிடி வள்ளம், வழி விடு" என்று சொல்லி ஒதுங்கிப் போக வேண்டும். அதற்கு அந்த வள்ளத்தை அது முன்பே பார்த்திருக்க வேண்டும். காட்ட வேண்டியவர்கள் நாம்தான். படம் எடுக்க வருகிறவர்கள் மின்னணுவியல் துறையில் வந்து என்னைப் பாருங்கள். முதல் பயணம் உவரிக்கு!